மொறிஸ் மைனரும் முதல் சினை இலக்கணமும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அதுக்குப் பிறகு பாரி எதில வீட்டுக்குப் போனார்?” என்று கேட்பான். வகுப்பு முழுவதும் சிரிக்கும். இருபது வருடங்களுக்கு மேலாகக் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. சிறுபாணாற்றுப்படை பாரியின் பெரிய தேரையும் முல்லையின் சிறிய பூவையும் அருகருகே நிறுத்திவிட்டு அடுத்த வள்ளலிடம் போய்விடுகிறது. பறம்பு மலைக்கு மன்னன் நடந்து போனானா, புதிதாக ஒரு தேர் செய்வித்தானா, அதற்குத் தச்சன் எவ்வளவு கேட்டான் என்பன புலவருக்கு வேண்டாத சங்கதிகள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு அவைதான் வேண்டிய சங்கதிகள்.

ஒரு பழைய காரைக் கொடுத்துவிட்டு இன்னொரு காரை வாங்கிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். இலக்கியத் தொடருக்குள் கார் எப்படி வந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். வண்டியைப் பற்றித் தமிழ்ப் புலவர் பாடியது கொஞ்சமல்ல. ஔவையார் புறநானூற்றிலே அதியமானின் மகன் பொகுட்டெழினியை எதற்கு ஒப்பிட்டார் தெரியுமா? உப்பு வணிகரின் வண்டியில், அடியில் சேர்த்துக் கட்டிய மேலதிக அச்சுக்கு ஒப்பிட்டார். பாரம் ஏற்றிய வண்டி பள்ளத்திலும் மேட்டிலும் போகிறது. அச்சு எந்த இடத்தில் முறியும் என்று யார் அறிவார்? ஆகவே ஒன்றைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேமவச்சு என்று அதற்குப் பெயர். இன்று நாங்கள் ‘ஸ்பெயர் வீல்’ என்று சொல்லும் சங்கதிக்கு முப்பாட்டன். ஓர் இளவரசனை ஸ்பெயர் வீலுக்கு ஒப்பிட இக்காலக் கவிஞர் எவரும் துணியமாட்டார். ஔவை துணிந்தார். வழிநடந்த புலவர் அவர். வழியிலே வண்டி நின்றுபோவது என்றால் என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழகத்தில் காருக்கு ‘மகிழுந்து’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் அந்தச் சொல்லைப் படைத்தவர் பெற்றோல் வரிசையில் நின்றவராக இருக்க முடியாது.

எங்கள் கார் 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இளைய நேயர்களுக்கு அதன் வரலாற்றைச் சற்றுச் சொல்லவேண்டும். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த கார் அது. பின்னர் 1959இல் மினி காரை உருவாக்கியவரும் அவரே. 1948இல் இங்கிலாந்தில் மைனர் வெளிவந்தது. கொம்பனியின் தலைவரான நவீல்ட் பிரபுவுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. உடைத்து அவித்த முட்டை போல இருக்கிறது என்று சொன்னாராம். மாதிரிக் கார் முழுவதும் முடிந்த பின்னர், அகலம் போதாது என்று தோன்ற, இசிகோனிஸ் அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் வைத்துப் பார்த்து, அப்படியே அகலமாக்கிவிட்டார். மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் அந்தத் தட்டையான மேட்டுப் பட்டி இந்த நான்கு அங்குலத்தின் தழும்புதான். பிறக்கும்போதே வெட்டி ஒட்டப்பட்ட கார் அது. 1961இல் பத்து இலட்சமாவது மைனர் வந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்தத் தொகையை எட்டியது அதுவே முதற்றடவை. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்தைத் தொட்டிருந்தது.

இலங்கையில் மைனரை வாங்கியவர்கள் வைத்தியர்கள், அப்போதிக்கரிமார், தலைமையாசிரியர்கள், கந்தோர்க்காரர். எங்கள் அப்பா தபாலதிபர். 1974இல், பாதிச் சீதனக் காசிலும் பாதிக் கடனிலும், இருபது வருடம் ஓடிய அந்த மைனரை வாங்கினார். அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. புதுக் கார் என்பது பேச்சளவில் மட்டுமே இருந்த ஒரு பொருள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் டட்சனும் டொயோட்டாவும் தெருவை நிறைத்தபோது அப்பாவிடம் கடன் மட்டுமே மிச்சமிருந்தது. ஆகவே மைனரும் மிச்சமிருந்தது. பழைய காரை வைத்திருப்பவர்களை ரசிகர்கள் என்று இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. எங்கள் ஊரில் பழைய கார் வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் வேறு வழியில்லாதவர்கள். அன்பு பின்னால் வந்தது. திருத்தத் திருத்தத்தான் வந்தது.

காரின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஈ.என்., ஈ.வை. என்று இரண்டெழுத்து இணைகள் ஓடிய காலத்து வண்டி. 1957 ஜனவரி முதல் புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ வந்ததும், அதை எதிர்த்து 1958இல் தார்ப்பூச்சுப் போராட்டம் நடந்ததும், பின்னர் அந்த வருடம் மே மாதத்தில் நாடு எரிந்ததும் நேயர்கள் அறிந்தவை. அவற்றுக்கு முன்னரே பதிவான எங்கள் கார் அந்த எழுத்துச் சண்டைக்கு வெளியே நின்றது. தமிழ் கற்பிக்கும் ஒருவனின் வீட்டுக் காரில் ஆங்கில எழுத்து இருந்ததனாலேயே நிம்மதி என்பது விசித்திரம்தான்.

இனி அப்பாவின் கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். தபாற் கந்தோரில் கணக்கு எழுதிப் பழகிய கை. காரை வாங்கிய நாள் முதல், மாற்றிய ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் சீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதி வந்தார். திகதி, என்ன பொருள், யாரிடம் வாங்கியது, என்ன விலை, பழையதை என்ன செய்தது. டைனமோ கோண்டாவிலில் கைவிடப்பட்ட ஒரு மைனரிலிருந்து வந்தது. பின் ஆசனம் ஒஸ்ரின் ஒன்றிலிருந்து எடுத்து வெட்டிப் பொருத்தியது. வலது முன்கதவு, ஷெல் விழுந்து அழிந்த காரொன்றின் எஞ்சிய கதவு. அந்தக் கதவுக்கு எதிரே விலை எழுதப்படவில்லை. ‘கொடுத்தார்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். நான் படித்த உரைநடைகளில் அந்த ஒரு சொல்லுக்கு இணையானவை அதிகமில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. தடைப் பட்டியலில் அதுவும் ஒன்று. மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். இன்று அதே வானொலியில் பேசும்போது அந்தச் சில்லுச் சத்தம் என் காதில் வருகிறது. அந்த ஐந்து வருடங்களும் யாழ்ப்பாணத்துத் தெருவில் கார் ஓடியது என்றால் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கிழட்டுக் கார்களே. புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலுக்குள் மூடிக் கிடக்க, கிழடுகள் மண்ணெண்ணெயில் ஓடின.

அது எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் கால இயந்திரங்களுக்கு அழுத்த விகிதம் குறைவு. எங்கள் மைனரின் 803 சி.சி. இயந்திரத்துக்கு ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. விகிதம் கூடிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முறையாக எரியாது; இடித்து இடித்து இயந்திரத்தையே தின்றுவிடும். ஏழுக்கு ஒன்று என்றால், சூடேறிய பிறகு பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றாது. ஆகவே சிறு போத்தலில் தங்கம் போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளியைக் காபரேட்டரின் வாயில் விட்டுக் கிளப்பவேண்டும். ‘பிடித்து’ச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்கவேண்டும். பெற்றோல் துளி விடுவது என் வேலை. பதினொரு வயதில் தொடங்கினேன். அப்பா முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்றுவார். நான் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு கையில் போத்தலோடு நிற்பேன். ஒரு துளி கூடினால் அப்பா திரும்பிப் பார்ப்பார். ஏசமாட்டார். பார்ப்பதே போதும்.

அந்தப் புகையின் மணம் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த எவருக்கும் மறக்காது. கலியாண ஊர்வலத்துக்கும் அதே மணம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் காருக்கும் அதே மணம். இயந்திரத்துக்கு இது நல்லதல்ல என்று அப்பாவுக்குத் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைக் கரைக்கும், கரைந்த ஒயில் உராய்வைத் தடுக்காது, உருளைகள் தேயும். தெரிந்தே ஓட்டினார். நடுச்சாமத்தில் படலையில் ஆள் வந்து நின்றால் உருளைகளின் தேய்மானத்தை யார் பார்ப்பார்கள்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. கொக்குவிலிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது காரில் அம்மம்மாவும், அவரையொத்த அயல்வீட்டுக் கிழவிகள் இருவரும், இரண்டு மூட்டை அரிசியும். மற்றவர்கள் நடந்தோம். நாவற்குழிப் பாலத்துக்கு வெகு தூரம் முன்னரே கார் ஓடுவது சாத்தியமில்லாமற் போய்விட்டது. சனத்தின் வேகத்தில்தான் எதுவும் நகரலாம். அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அடிக்கடி நின்று கிளப்புவதற்குப் பெற்றோல் துளி போதாது. பிறகு தள்ளினோம். முன்பின் தெரியாதவர்கள் வந்து கை கொடுத்தார்கள். சிறிது தூரம் தள்ளிவிட்டுத் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். வேறு சிலர் வந்தார்கள். அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1996இல் ஊர் திரும்பிய பின்னர் 803 இயந்திரம் முடிந்துவிட்டது. வேறொரு மைனரின் 948 சி.சி. இயந்திரம் அதன் இடத்துக்கு வந்தது. அப்பா அதையும் கொப்பியில் எழுதினார். பதிவுப் புத்தகத்திலும் முறைப்படி மாற்றினார். தபாலதிபர் அல்லவா.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. எனக்குக் கொழும்பில் ஆசிரிய நியமனம் கிடைத்தபின், ஓய்வுபெற்ற அப்பா அடுத்த வருடம் காரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, ஏறி, திறந்து காட்டி, வவுனியாவில் ஒரு இரவு தங்கி, ஏறத்தாழ நானூறு கிலோமீற்றரை இரண்டு நாளில் கடந்து புதுக்கடைக்கு வந்து சேர்ந்தார். ‘வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் விட்டது’ என்பதுதான் அந்தப் பயணத்தைப் பற்றிக் கொப்பியில் உள்ள முழு வருணனை.

புதுக்கடையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டின் மிகப் பழைய வழக்குகளெல்லாம் முடியாமல் கிடக்கும் இடத்துக்குப் புதுக்கடை என்று பெயர். ஆங்கிலத்தில் ஹல்ஸ்ட்ஸ்டோர்ப். 1656இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த ஹுல்ஃப்ட் என்ற டச்சுத் தளபதியின் பெயரால் வந்தது. காலையில் கறுப்புக் கோட்டுகளும் கோவைக் கட்டுகளும். மாலையில் ஒழுங்கையெல்லாம் பிள்ளைகளின் கிரிக்கெட். எங்கள் மைனருக்கு ஏற்ற இடம் என்பது வந்த வாரமே தெரிந்தது. நடந்து போகும் தூரத்தில் பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகங்களுக்கு இலங்கை முழுவதும் பெயர் போன தெரு. ஒரு கடையில் கதவுகள் மட்டும். இன்னொன்றில் விளக்குகள் மட்டும். வேறொன்றில் தலைகீழாக அடுக்கிய இயந்திரங்கள். செத்த கார்கள் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து, உயிருள்ள கார்களுக்காகக் காத்திருக்கும் தெரு அது. அப்பா அங்கே போனால் நூல்நிலையத்துக்குப் போனவர் போலத்தான், நேரம் தெரியாது.

மைனரைப் பொறுத்தவரை இலங்கைக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், காரை நெடுங்காலம் திருத்தித் திருத்திப் பாவிப்பதே சிக்கனம் என்று வாதிட்டு 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். பின்னர், மைனருக்கான தகட்டுப் பாகங்களைக் கைவேலையாகச் செய்யும் தொழிற்சாலை ஒன்றை இலங்கைப் பங்காளியோடு தென்னிலங்கையில் தொடங்கினார். அங்கே அடித்த தகடுகள் இங்கிலாந்துக்குப் போயின. காரைப் படைத்த நாட்டுக்கு அதன் உறுப்புகளை நாங்கள் அனுப்பினோம் என்பது எவ்வளவு நல்ல செய்தி! அப்பாவிடம் சொன்னேன். “அவங்களுக்கு அந்தக் கலை மறந்து போச்சு” என்றார்.

கல்லூரிக்கு அந்தக் காரில்தான் பல வருடம் போனேன். மாணவர்கள் அதற்குப் ‘பாரியின் தேர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பாவித்த கார்களின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. 2022 ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா, அதுவும் கிடைத்தால்தான். ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். மைனரின் பழைய இலக்கத்தையும் கணினி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அந்த வரிசைகளில், இயந்திரத்தைக் கிளப்பாமல், மற்றவர்களோடு சேர்ந்து அடி அடியாகக் காரைத் தள்ளினேன். நாவற்குழி நினைவுக்கு வந்ததா என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் விடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் பகிடியாகச் சொன்னார். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. பகிடியும் அத்தோடு நின்றுவிட்டது.

அந்தச் சோதனையையெல்லாம் தாண்டிய கார், ஒரு சாதாரண காரணத்தினால் எங்களைப் பிரிந்தது. அதை நிறுத்தி வந்த பழைய வீட்டு வளவை உரிமையாளர் விற்றுவிட்டார். மாடிக்கட்டடம் எழும்பப் போகிறது. ஒழுங்கையில் நிறுத்த இடமில்லை. அப்பாவுக்கு எண்பது, ஆஸ்பத்திரிப் பயணங்கள் கூடிவிட்டன, கதவைத் தூக்கிச் சாத்தவேண்டிய காரில் அவரை ஏற்றி இறக்குவது இயலவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியை மீண்டும் திறந்தார்கள். வரியைக் கேட்டபோது, மூடியிருந்த காலத்தில் எட்டாத காருக்கும் திறந்த காலத்தில் எட்டாத காருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பாவித்த கார் ஒன்றையே தேடினோம்.

மைனரை வாங்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கலியாண வீடுகளுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுபவர். பூவும் நாடாவும் கட்டிய வேறு இரண்டு கார்களின் படங்களைக் காட்டினார். நல்ல விலை. இரண்டாமவர் பழைய கார்களை அழகாகப் புதுப்பித்துச் சேர்த்து வைப்பவர். எங்களிடம் உள்ள வேற்றுப் பாகங்களையெல்லாம் கழற்றி எறிந்து, 1954இல் இருந்தபடியே ஆக்குவேன் என்றார். மூன்றாமவர் எங்கள் காரை இருபது வருடமாகத் திருத்தி வந்த பஞ்சிகாவத்தைப் பக்கத்து நானா. அவருடைய கராஜில் ஓடாத மைனர்கள் இரண்டு கிடக்கின்றன. எங்களுடையதையும் சேர்த்துப் பிரித்தால் மூன்றிலிருந்து ஒன்றையோ இரண்டையோ ஓடவைக்கலாம் என்பது அவர் கணக்கு. அவர் சொன்ன விலைதான் ஆகக் குறைந்தது.

நான் கலியாணக்காரர் பக்கம். முழுக்காராக இருக்கும்; தெருவில் எப்போதாவது காணலாம். நானா சிரித்தார். “வருஷத்துல பத்து நாள் பூ வெச்சு ஓடும் சேர். மிச்ச நாளெல்லாம் மழையில நிக்கும். கறள் தின்னும்” என்றார். அப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னே வைத்தார்.

“இதைப் பார். இதில முக்கால்வாசி எங்கடை இல்லை. செத்த காருகள் தந்தது. எல்லாரிட்டையும் வாங்கி ஓடிப்போட்டு, இப்ப நாங்கள் மட்டும் முழுசா வைச்சு ஆருக்குக் காட்டப் போறம்? நானாவிட்டை குடு.”

நேயர்களே, நான் இலக்கணம் கற்பிப்பவன். முதல், சினை என்று பொருளை நாம் பிரிக்கிறோம். முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. மரம் முதல், கிளை சினை. ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ என்றால், தலை என்ற சினையின் பெயர் ஆளுக்கே ஆகிவருகிறது, சினையாகுபெயர். இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. ஆனால் சினைகள் ஒவ்வொன்றாக மாறி, கதவும் ஆசனமும் இயந்திரமும் வேறாகிப்போன பின் முதல் எது? எங்கள் ஒழுங்கையில் உள்ள சட்டத்தரணி ஒருவரைக் கேட்டேன். சட்டத்துக்கு எண்தான் கார் என்றார். பதிவிலக்கம், அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம். இதிலும் ஒரு வேடிக்கை. மைனருக்குத் தனியாக அடிச்சட்டமே கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாக வார்த்த அமைப்பு. அடிச்சட்ட இலக்கம் என்பது உடலில் பொருத்திய ஒரு சிறு தகடு. இரண்டு திருகாணியைக் கழற்றினால் முதற்பொருள் கையில் வந்துவிடும்.

புதுப்பிப்பவர் விரும்பியதும் ஒரு முதல்தான்: 1954ஆம் ஆண்டின் கார். ஆனால் அந்தக் காரை எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை. அப்பா வாங்கும்போதே அதற்கு இருபது வயது. ஷெல் விழுந்த காரின் கதவைக் கழற்றி எறிந்துவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு கார். அது எங்கள் கார் அல்ல. இலக்கணத்தில் எனக்கு விடை கிடைத்ததோ இல்லையோ, அப்பாவின் கொப்பியில் கிடைத்தது. அவர் எழுதிவைத்தது ஒரு காரைப் பற்றியல்ல. ஒரு காரை ஓடவைத்த மனிதர்களைப் பற்றி. கோண்டாவில்காரர், வெல்டிங் செய்த தம்பி, றேடியேற்றருக்கு ஈயம் ஒட்டிய கன்னார், வவுனியாவில் இரவு பத்து மணிக்குக் கடையைத் திறந்து ரயர் மாற்றிய சிங்கள பாஸ். அந்த வரிசையின் கடைசிப் பெயர் நானாவினுடையது. கொப்பிப்படி பார்த்தால் அடுத்த உரிமைக்காரரும் அவரே.

நானாவுக்கே கொடுத்தோம். நாரஹேன்பிட்டியில் உரிமை மாற்றப் பத்திரங்களில் அப்பா கையெழுத்திட்டபோது கை நடுங்கியது. வயதுக்கு எல்லாக் கையெழுத்திலும் அப்படித்தான் நடுங்குகிறது. இதை மட்டும் நான் பெரிதாக்கக்கூடாது.

வந்த கார் சுசுக்கி வகன் ஆர். 2017ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது. 658 சி.சி. மைனரின் முதல் இயந்திரத்தைவிடச் சிறியது. ஆனால் அதன் 30 குதிரைவலுவுக்கு இதில் ஐம்பதுக்கு மேல். மின்கலமும் சேர்ந்து உழைக்கும் வகை. கதவு உயரமாகத் திறக்கிறது. அப்பா நாற்காலியில் இருப்பதுபோல ஏறி இருக்கிறார். குளிர்காற்று வருகிறது. இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்ரிக் உறை ஒன்று தெரிந்தது. காபரேட்டர் இல்லை, துளி விடுவதற்கு வாய் இல்லை. நானாவிடம் கொண்டுபோனபோது அவர் ஒரு பெட்டியைக் கம்பியால் இணைத்து, திரையைப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு சேர்” என்றார். கையில் ஒயில் பிரளாமல் அவரை அன்றுதான் முதன்முறை கண்டேன்.

முதல் நாள் அப்பாவை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைப் பக்கம் போனேன். ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு. கார் நின்றது, அந்த வகைக் கார்களின் இயல்புப்படி இயந்திரமும் தானாக நின்றது. சத்தமே இல்லை. அகநானூற்றில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். சோலையில் துணையோடு தங்கும் வண்டுகள் வெருண்டுவிடும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருபவன். அந்தத் தேரைப் போன்ற அமைதி என்று நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன். அப்பா பதறிப்போய் என் தோளைத் தட்டினார்.

“நிண்டிட்டுது! இறங்கித் தள்ளு தம்பி, பின்னாலை பஸ் நிக்குது!”

விளக்கு பச்சையானது. இயந்திரம் தானாக உயிர்த்தது. அப்பா சாய்ந்துகொண்டு வெளியே பார்த்தார். சற்று நேரம் கழித்து, “இது நிண்டா ஆர் தள்ளுறது? இதின்ரை பிறேக்கும் கணினிதானே?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். அவர் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை.

புதிய காருக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறார். முதற் பக்கத்தில் வாங்கிய திகதியும் ஓடிய தூரமும் இருக்கின்றன. அதற்குக் கீழே எழுத இதுவரை ஒன்றும் வரவில்லை.

சென்ற கிழமை நானா தொலைபேசியில் அழைத்தார். ஒரு கார் எழும்பிவிட்டதாம். உடல் வேறு மைனருடையது. இயந்திரம் எங்களுடைய 948. வலது கதவும் எங்களுடையது, அதாவது சாவகச்சேரிப் பக்கத்தாருடையது. இரத்தினபுரியிலிருந்து ஒரு வைத்தியர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பொருள்தான் குறைகிறது, சேரிடம் இருக்கவேண்டும் என்றார். முன்னால் செருகிச் சுற்றும் ஹாண்டில். அது எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. காரோடு ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

அப்பாவிடம் விடயத்தைச் சொன்னேன். கட்டிலுக்கடியிலிருந்து எடுக்கச் சொன்னார். பழைய சாரத் துண்டொன்றில் எண்ணெய் தொட்டு, ஒரு மணி நேரம் இருந்து துடைத்தார். பிறகு பழைய கொப்பியைக் கேட்டு வாங்கி, திகதியைப் போட்டு, ‘ஹாண்டில்’ என்று எழுதி, விலை எழுதும் இடத்தில் ‘கொடுத்தோம்’ என்று எழுதினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.